ஜோலியோ வீட்டு நான்கு வரிசை

கவுதாரி மேட்டில் அறுவடை முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் ரொட்டியைப் பிய்க்கவும் ஆரம்பித்துவிட்டான். கீழ்த்தோட்டத்தில் இருந்து டிராக்டரில் ஏறி வந்த வாண்டா சோப்சாக் மட்டும் இறங்கின இடத்திலேயே நின்றாள். மேட்டின் தெற்கு ஓரத்தில் நான்கு வரிசைத் திராட்சைக் கொடிகள் கத்தரி படாமல் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு கொடியிலும் கருநீலக் குலைகள் அப்படியே தொங்கின.

"அது ஏன் விட்டிருக்கீங்க?"

முதுகுக்கூடை சுமக்கிற ரோஜே வாயில் ரொட்டியோடு திரும்பிப் பார்த்தான். "நீங்கதானேக்கா சொன்னீங்க, மரத்துல ஆரம்பிச்சு இருபத்திரண்டு வரிசைன்னு. இருபத்திரண்டு முடிச்சாச்சு. இது மிச்சம். ராத்திரி கொடி குட்டி போட்டிருக்கும்போல."

எல்லோரும் சிரித்தார்கள். வாண்டா சிரிக்கவில்லை. அவள் வடக்குப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரே ஒரு பீச் மரம் நின்றது.

அந்த ஊரில் வேலி கிடையாது. ஒருவர் கொடிக்கும் அடுத்தவர் கொடிக்கும் நடுவே ஒரு கல் புதைந்திருக்கும், அதைப் புல் மூடியிருக்கும். எல்லை காட்டுவதற்கென்று முன்னோர்கள் ஆங்காங்கே வரிசைக்குள் பீச் மரம் நட்டு வைத்திருந்தார்கள். கூலிக்கு வருகிற வெளியூர்ப் பிள்ளைகளிடம் "மரத்துக்கு இந்தப் பக்கம் நம்மது" என்று சொன்னால் போதும். ஊர் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான இந்தத் தோட்டத்தில் வாண்டாவும் ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் சொல்வாள். இந்த வருஷமும் விடியற்காலையில் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. மார்கழிக் காற்றில் ஆஸ்பத்திரியின் மரம் சாய்ந்து போனதும், அதை அவளே அறுத்து அடுப்புக்குக் கொண்டுபோனதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. இப்போது நிற்கிற மரம் ஆஸ்பத்திரி மரம் இல்லை. நான்கு வரிசை தள்ளி, பக்கத்துத் தோட்டத்துக்குள் நிற்கிற மரம்.

பக்கத்துத் தோட்டம் அர்மான் ஜோலியோவுடையது.

"வெட்டினதெல்லாம் எங்க?"

"ரெண்டு வண்டியும் போயாச்சு. இந்நேரம் தொட்டியில இருக்கும்."

வாண்டா டிராக்டரைத் திருப்பினாள். ரோஜே எழுந்து நின்று, "அக்கா, சாப்பாடு?" என்று கத்தினான். அவள் காதில் விழவில்லை.

ஊராருக்கு அவள் போலந்துக்காரி. ஆனால் போலந்தை அவள் பார்த்ததே இல்லை. அங்கிருந்து பிழைக்க வந்து, இந்த ஊருக்குத் தெற்கே மோன்சோ நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர் அவள் அப்பா. பத்தொன்பது வயதில், ஒரு செப்டம்பர் மாதம், அக்கம்பக்கத்துப் பெண்களோடு பஸ் ஏறி இந்த ஊருக்குத் திராட்சை வெட்ட வந்தாள். தொளதொளவென்று ஒரு ஏப்ரன் கட்டியிருந்தாள். குனிந்தே செய்கிற வேலையில் யாரும் வயிற்றைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தாள். குழந்தைக்குக் காரணமானவன் ராணுவத்துக்குப் போனவன், போனவன்தான். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாசல்படி மிதிக்க விட்டிருக்க மாட்டார். பிறகு தெரிந்தபோது அப்படித்தான் செய்தார்.

வலி வந்தது இதே கவுதாரி மேட்டில்தான். மாதம் நிரம்பவில்லை. திராட்சை ஏற்றின வண்டியிலேயே குலைகளின்மேல் சாக்கை விரித்து அவளைப் படுக்கவைத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது பாவாடையில் இருந்த சிவப்பில் எது ரத்தம், எது சாறு என்று கன்னியாஸ்திரீகளுக்கே குழம்பிவிட்டதாம். குழந்தை உள்ளங்கையில் அடங்கியது. ஓடில் என்ற சிஸ்டரும் மற்றவர்களும் ஒரு மரப்பெட்டியில் பஞ்சை அடைத்து, சுற்றிலும் வெந்நீர்ப் பைகளை வைத்து, ஆறினதும் மாற்றி, ஆறினதும் மாற்றி, ராப்பகலாக முறை போட்டுக் காத்தார்கள். குழந்தை பிழைத்தது.

யாரும் அவளிடம் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கவில்லை. அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுந்து உட்கார முடிந்த அன்று அவளே கேட்டாள்.

"சிஸ்டர், இதுக்கெல்லாம் நான் எப்படிக் காசு..."

சிஸ்டர் ஜன்னலைத் திறந்துவிட்டார். "அதோ அந்த மேடு தெரியுதா? நீ விழுந்த மேடுதான். அதுதான் உனக்குக் கட்டில் போட்டிருக்கு. அதுதான் பால் காய்ச்சிக் குடுக்குது."

"புரியலையே."

"எஃப்ராசி ஜோலியோன்னு ஒரு அம்மா. பிள்ளை இல்லை. அவங்க பங்குக் கொடிகளை ஆஸ்பத்திரிக்கு எழுதி வச்சாங்க. அதுல வர்ற ஒயினை வருஷா வருஷம் அவங்க பேர்லயே ஏலம் விடறோம். பிள்ளை பெத்தவளும் பிள்ளையும் பட்டினி கிடக்கக் கூடாது, குளிர்ல கிடக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"அவங்களை ஒரு தடவை பார்க்கணும் சிஸ்டர். ஒரு வார்த்தை சொல்லணும்."

"கல்லறைக்குத்தான் போகணும். செத்து முப்பது வருஷம் ஆச்சு." சிஸ்டர் சிரித்தார். "பரவாயில்லை, நீ சொன்னா கேட்டுக்குவாங்க."

வாண்டா கல்லறைக்குப் போனாள். குழந்தைக்கு எஃப்ராசி என்றே பெயர் வைத்தாள். ஜனவரியில், விரல் விறைக்கிற குளிரில், ஆஸ்பத்திரித் தோட்டத்தில் கவாத்து செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். குழந்தையை சிஸ்டர்களிடம் விட்டுவிட்டுக் கத்தரியோடு போய் நின்றாள். அதன்பின் அந்த ஊரைவிட்டுப் போகவில்லை. கவாத்து, கட்டு, களை, தளிர் கிள்ளல், அறுவடை என்று இருபத்தெட்டு வருஷம். மகள் ஃப்ராசி வளர்ந்து இப்போது திஜோன் நகரத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் எஃப்ராசி அம்மாவின் கல்லில் சாமந்தித் தொட்டி வைப்பது வாண்டாதான்.

இந்த வருஷம் எஃப்ராசி ஒயினுக்கு ஒரு விசேஷம் இருந்தது. பிரசவ வார்டில் குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் இரண்டும் பழுதாகிவிட்டன. நவம்பர் ஏலத்தில் எஃப்ராசி பீப்பாய்கள் போகிற விலையில் புதிதாக இரண்டு வாங்குவது என்று முடிவாகியிருந்தது. கோடை முழுக்க வாண்டா அந்தக் கொடிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

ஆஸ்பத்திரியின் ஒயின் கிடங்கில் பாஸ்கால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் குழாயை மூடினான்.

"ஜோலியோ திராட்சையா? உள்ள போயிடுச்சே வாண்டா. எல்லாம் ஒண்ணாக் கலந்தாச்சு."

"பக்கத்து வரிசைதானே. ஒரே மண்ணு."

"மண்ணு ஒண்ணுதான். ஆனா தர்மத்துக்கு எழுதிக் குடுத்த கொடியில விளைஞ்சதைத்தான் அந்த அம்மா பேர்ல ஏலம் விடலாம். வேற ஆளோட பழம் உள்ள இருக்குன்னு அவர் வாயைத் திறந்தா, இந்தத் தொட்டி மொத்தமும் சாதா ஒயின். பேர் கிடையாது, ஏலம் கிடையாது." அவன் தலையைச் சொறிந்தான். "அவர் சம்மதிச்சு, வரிசைக்கு வரிசை மாத்திக்கிட்டா ஒண்ணுமில்ல. அண்ணன் தம்பிக்குள்ள நடக்கிறதுதான். ஆனா அவர் அர்மான் ஜோலியோவாச்சே."

"அவர் இன்னும் பார்க்கலை. அடுத்த வாரம்தான் வெட்டுவார்."

பாஸ்கால் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நீ போய்ச் சொல்லப்போறியா?"

"வேற யார் சொல்றது? என் வாய்தானே சொல்லுச்சு மரம்னு."

"ஆஸ்பத்திரி மேனேஜர் வரட்டுமே."

"மேனேஜர் போய் நின்னா அவர் கதவையே திறக்கமாட்டார்" என்று சொல்லிவிட்டு வாண்டா நடந்தாள்.

அர்மான் ஜோலியோ எஃப்ராசி அம்மாவின் தம்பி மகன். எழுபதை நெருங்குகிற வயது. நவம்பர் ஏலத்தன்று ஊரே கொடி கட்டி, பாட்டுப் பாடி, வெளியூர்க்காரர்களால் திமிறும்போது, சதுக்கத்தில் இருக்கிற அவர் வீட்டு ஜன்னல் கதவுகள் மட்டும் மூடியிருக்கும். ஆஸ்பத்திரி வண்டிக்கு வழி விடமாட்டார். அத்தை கல்லறை இருக்கிற வரிசையில்கூட நடக்கமாட்டார், சுற்றிப் போவார்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடுகுக் குழம்பில் முயல்கறி. அவர் மனைவி ஜிசேல் கதவைத் திறந்து, வாண்டாவின் முகத்தைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வாண்டா உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தாள். எதையும் மறைக்கவில்லை, எதையும் குறைக்கவில்லை.

அர்மான் கத்தியைத் தட்டில் வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

"ஜிசேல், கேட்டியா? அறுபது வருஷமா காத்திருக்கேன். அத்தை பங்கை வாங்கிக்கிட்டது பத்தலையாம். இப்ப என் பங்கும் வேணுமாம் மகராசன்களுக்கு."

"தப்பு என்னோடதுங்க ஐயா. ஆஸ்பத்திரியோடது இல்ல."

"நீ யாரு? ஆஸ்பத்திரிதானே! நிலத்தை அவங்க எடுத்தாங்க, பேரை நீ எடுத்துட்ட. உன் பொண்ணுக்கு எங்க அத்தை பேரு! எங்க வீட்ல ஒரு பிள்ளைக்கு வைக்கலை அந்தப் பேரை."

"வைக்கிறதுக்கு நாம பெத்தது ரெண்டும் பையனுங்க" என்றாள் ஜிசேல், ரொட்டி அறுத்தபடி.

"நீ சும்மா இரு. இந்தா பாரும்மா, நாளைக்குக் காலையில ஒயின் அதிகாரி ஆபீசுக்குப் போறேன். என் பழம் அந்தத் தொட்டியில இருக்குன்னு எழுதிக் குடுக்கப்போறேன். எஃப்ராசி ஜோலியோ இந்த வருஷம் ஏலத்துக்கு வரமாட்டா."

"போன வருஷம் காலை உடைச்சுக்கிட்டு எங்க படுத்திருந்தீங்க?" என்றாள் ஜிசேல்.

"காசு கட்டித்தான் படுத்தேன்!"

"செவிலியர் பொண்ணு ஊட்டிவிட்டப்போ நல்லாத்தான் வாயைத் திறந்தீங்க."

அர்மான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாண்டாவைப் பார்த்துத்தான் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"உனக்கெல்லாம் என்ன தெரியும்? அத்தைக்கு அந்த மேட்டுல பாதி, எங்க அப்பாவுக்குப் பாதி. அவளுக்குப் பிள்ளை இல்ல, நாங்க அஞ்சு பேர். அவளுக்கு அப்புறம் எங்களுக்குத்தான்னு ஊரே சொல்லுச்சு. எனக்கு அப்ப ஒன்பது வயசு. உயிலைப் படிச்ச அடுத்த வாரம் எங்க அப்பா கத்தரியை எடுத்துக்கிட்டு அடுத்தவன் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். மிச்சமிருந்த பாதி அஞ்சு வயித்துக்குப் பத்தலை. என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தினாங்க. எனக்குக் கணக்கு நல்லா வரும், தெரியுமா? வாத்தியார் வீட்டுக்கு வந்து கெஞ்சினார்."

ஜிசேல் ரொட்டி அறுப்பதை நிறுத்திவிட்டாள்.

வாண்டா இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கொடிகளுக்குக் கவாத்து செய்தவள்; பக்கத்து வரிசையில் குனிந்து நிற்கிற அர்மானுக்குக் காலை வணக்கம் சொல்லிப் பதில் வாங்காமல் போனவள். கோபக்காரர் என்றுதான் நினைத்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்றாள். "எம் பொண்ணு பிறந்தப்போ இத்தனூண்டு இருந்தா. அந்த மேட்டு ஒயின்லதான் பிழைச்சா. நான் வருஷா வருஷம் உங்க அத்தைக்குப் பூ வைக்கிறேன். கல்லுக்கிட்ட நின்னு நன்றி சொல்றேன். அவங்க குடுத்துட்டாங்க, நிம்மதியாப் போயிட்டாங்க. அதுக்குப் பதிலா பள்ளிக்கூடத்தை விட்டது நீங்க. அடுத்தவன் தோட்டத்துக்குப் போனது உங்க அப்பா. நான் நடந்து வர்ற தூரத்துலதான் இந்த வாசல் இருக்கு. இங்க வந்து நான் ஒருநாளும் சொன்னதில்லை."

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நன்றிங்க ஐயா. தொட்டிக்காகச் சொல்லலை. நீங்க நாளைக்கு எழுதிக் குடுத்தாலும் இது இதுதான். உங்க வீட்டுச் சோத்துல எம் பொண்ணு வளர்ந்திருக்கா. உங்ககிட்ட கேட்காமலே வளர்ந்திருக்கா."

அர்மான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முயல்கறியின்மேல் குழம்பு ஆடை கட்டியிருந்தது.

"சாப்பாடு ஆறுது" என்றார் கடைசியில். அவ்வளவுதான் சொன்னார்.

ஜிசேல் வாசல்வரை வந்து வாண்டாவின் தோளைத் தொட்டாள். "அந்த மனுஷன் அந்தக் கணக்கு வாத்தியார் கதையை என்கிட்டயே ரெண்டு தடவைதான் சொல்லியிருக்கார்" என்றாள் மெல்ல.

மேட்டுக்குத் திரும்பியபோது மேனேஜர் தெவெனாங் கோட்டு சூட்டோடு வந்து நின்றுகொண்டிருந்தார். பாஸ்கால் சொல்லியிருக்க வேண்டும். மனிதருக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன சொன்னார்?"

"சாப்பாடு ஆறுதுன்னார்."

"அப்படின்னா?"

"தெரியலைங்க."

"இந்த நாலு வரிசையையும் வெட்டிடலாமா?" என்று கேட்டான் ரோஜே.

"தொடாத" என்றாள் வாண்டா. "அது இப்ப நம்மது இல்ல."

மேனேஜர், அர்மானிடம் பேசுவதற்காக மனதுக்குள் தயாரித்து வைத்திருந்ததை முணுமுணுவென்று சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார். கூலிப் பிள்ளைகள் நிழல் தேடி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள். வாண்டா உட்காரவில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டிகளை நினைத்தாள். எப்போதோ செத்துப்போன, முகம் தெரியாத ஒரு கூலிக்காரர் கத்தரியோடு அடுத்தவன் தோட்டத்துக்கு நடந்து போனதையும் நினைத்தாள். இரண்டையும் சேர்த்து நினைக்க வேண்டியிருந்தது அவளுக்குப் புதிதாக இருந்தது.

வெயில் சாயத் தொடங்கின நேரம், கீழே ஒரு டிராக்டர் இருமுகிற சத்தம் கேட்டது. ஊரில் அப்படி இருமுகிற டிராக்டர் ஒன்றுதான். பின்னால் காலி வண்டி. வண்டியில் ஜிசேல், தலையில் தொப்பி, மடியில் கூடைகள்.

மேனேஜர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார். "மதிப்புக்குரிய ஜோலியோ அவர்களே, எங்கள் நிர்வாகத்தின் சார்பாக, இந்த வருந்தத்தக்க நிகழ்வுக்கு..."

"தள்ளி நில்லுங்க, கால்ல சக்கரம் ஏறிடும்" என்றார் அர்மான், இறங்கியபடி. "பேச வேண்டியதை அந்தம்மா பேசிட்டாங்க. நாலுக்கு நாலு. என்னோடது உங்க தொட்டியில. இது என் வண்டியில. முடிஞ்சுது."

"அப்படியானால் அதிகாரி அலுவலகத்தில்..."

"எனக்கு நாளைக்கு அங்க வேலை இல்லை. உங்களுக்கு இருந்தா போங்க."

மேனேஜர் திரும்பி வாண்டாவைப் பார்த்தார். வாண்டா வானத்தைப் பார்த்தாள். மனதுக்குள் என்ன சொன்னாளோ, யாருக்குச் சொன்னாளோ.

அர்மான் தெற்கு ஓரத்து முதல் வரிசைக்கு முன்னால் போய் நின்றார். உடனே வெட்டவில்லை. ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தார். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார். விதையைத் துப்பாமல் வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

"கவாத்து யார் பண்றது?"

"நான்தாங்க."

"கட்டையா வெட்டுற. கஞ்சத்தனமா."

"அப்படியாங்க?"

"அப்படித்தான்." இன்னொரு பழம் எடுத்தார். "ஆனா பழத்துல தெரியலை."

ஜிசேல் கணவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். "பாராட்டறாராம். எங்க கல்யாணத்தன்னிக்கு எங்கிட்டயும் இப்படித்தான் பேசினார்."

ரோஜே பெருமூச்சு விட்டான். முதுகுக்கூடையை மாட்டிக்கொண்டான். யாரும் சொல்லாமலே மற்றவர்களும் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்கள். "என் வண்டிக்கு ஆஸ்பத்திரி ஆள் வேண்டாம்" என்று அர்மான் இரைந்தார். "உங்க வயசுக்கு நாலு வரிசை முடிக்கிறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும் தாத்தா" என்றான் ரோஜே. வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை. வாண்டா அவருக்கு எதிர்ப்பக்கத்தில், அதே கொடியில் குனிந்து வெட்டினாள். இலைகளுக்கு நடுவே அவர் கை தெரிந்தது. கணு பெருத்த, காப்புக்காய்த்த கை. ஒன்பது வயதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கை.

"உங்க அப்பா பேரு என்னங்க ஐயா?" என்று கேட்டாள்.

இலைகளுக்கு அந்தப் பக்கம் கத்தரி நின்றது. "ஹிப்போலித்."

"எங்க புதைச்சிருக்கு?"

"அத்தைக்கு நாலு கல் தள்ளி. ஏன்?"

"நவம்பர்ல ரெண்டு சாமந்தித் தொட்டி வாங்கணும். அதுக்குத்தான்."

கத்தரி மறுபடி வெட்ட ஆரம்பித்தது.

வண்டி நிறைந்ததும் ஜிசேல் மேலே ஏறிக்கொண்டாள். அர்மான் என்ஜினைத் தட்டி எழுப்பினார். பிறகு எதையோ மறந்தவர்போல இறங்கி வந்து, வண்டியில் இருந்த குலைகளைக் கிளறி, தேடி, ஒன்றை எடுத்தார். ஒரு பழம்கூட நசுங்காத குலை. தன் தொப்பியைக் கழற்றி அதற்குள் வைத்து வாண்டாவிடம் நீட்டினார்.

"உன் பொண்ணு ஞாயித்துக்கிழமை வருவாளா?"

"அறுவடை விருந்துக்கு வந்துடுவா."

"இதைக் குடு. ஜோலியோ வீட்ல குடுத்ததுன்னு சொல்லு. ஆஸ்பத்திரி குடுத்ததுன்னு சொல்லிடாத."

"சொல்றேங்க. ரொம்ப நன்..."

"ஒரு தடவை சொல்லிட்டல்ல, போதும். தொப்பியைத் திருப்பிக் குடுக்கணும், எனக்கு இருக்கிறது ஒண்ணுதான்."

டிராக்டர் இருமிக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கியது. கீழே கிடங்கில், சம்மதம் கிடைத்த செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். பாஸ்கால் தொட்டியின்மேல் எஃப்ராசி ஜோலியோ என்று சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டிருப்பான். வாண்டா தன் டிராக்டர் இருக்கையில் தொப்பியை வைத்தாள். குலுங்கினால் பழம் உதிர்ந்துவிடும் என்று தோன்றியது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி, மிக மெதுவாக வண்டியை எடுத்தாள்.